மேடையை விடாத பாலசந்தர்

அன்பின் சிவா,

சுகமா மச்சான்? இங்கே கிளிநொச்சியில் நல்ல மழை, வயல்காரருக்குச் சந்தோசம். பள்ளிக்கூடத் தமிழ்த்தினப் போட்டிக்குப் பிள்ளைகளுக்கு நாடகம் பழக்கும் பொறுப்பு இந்த முறை என்னிடம் வந்திருக்கிறது, அதனால் இரவிரவாக இயக்குநர் பாலசந்தரைத்தான் பார்க்கிறேன். அவருடைய தொடர் ‘கையளவு மனசு’ தொலைக்காட்சியில் போன காலத்தில் எங்கள் பக்கம் கறண்டே இல்லை, இப்போதுதான் யூடியூபில் ஆறுதலாகப் பார்க்கக் கிடைத்தது. சாகப்போகிற தாய் ஒவ்வொரு பிள்ளையாக வேறு வீடுகளுக்குக் கொடுக்கிற கதை. என்னால் தொடர்ந்து பார்க்க முடியவில்லை, இடையில் நிறுத்தி நிறுத்தித்தான் பார்த்தேன்.

அவருடைய படங்களில் நாடகத்தன்மை கூட என்று குறை சொல்வார்களே, எனக்கு அதுதான் அவருடைய பலம் என்று படுகிறது. சென்னையில் அரசாங்கக் கணக்குப் பார்க்கிற ஏ.ஜி. ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் எழுதி மேடையேற்றிய மனுசன். ‘மேஜர் சந்திரகாந்த்’ மேடையில் பேர் வாங்கிய பிறகுதான் 1966இல் படமானது. கண் தெரியாத மேஜர் வீட்டில் ஒருவன் வந்து ஒளிகிறான், அவன் கொன்றது மேஜரின் மகனைத்தான், தேடி வருகிற பொலிஸ்காரனும் அவருடைய இன்னொரு மகன். மேஜருக்குத் தெரியாதது பார்க்கிற எங்களுக்குத் தெரியும், அவர் அவனோடு அன்பாகக் கதைக்கக் கதைக்க எங்களுக்கு நெஞ்சு அடிக்கும். இதற்கு ஒரு அறையும் நல்ல நடிகர்களும் போதும். ‘நீர்க்குமிழி’ முழுக்க ஒரு ஆஸ்பத்திரி, ‘எதிர்நீச்சல்’ பல குடித்தனம் இருக்கிற ஒரே வீடு, மாடிப்படிக்குக் கீழே நாகேஷ். அப்புறம் 1990இல் ‘ரயில் சிநேக’த்தோடு சின்னத்திரைக்கு வந்தபோது அவருக்கு அது புது இடமாகவே இருந்திருக்காது, முகமும் வசனமும்தானே அங்கேயும் வேண்டும். 2010ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருதை சினிமாவுக்கென்று கொடுத்தார்கள், நான் அதை மேடைக்கும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன்.

செற் போட எங்களிடம் காசு இல்லை, மண்டபத்தில் ஒழுங்கான லைற்றும் இல்லை. ஆனால் முள்ளியவளையில் விடிய விடிய கோவலன் கூத்துப் பார்த்து வளர்ந்த சனத்துக்கு சீன் கட்டித்தான் கதை சொல்ல வேண்டுமா? குரலும் காலும் போதும். எங்கள் பிள்ளைகளுக்குக் குரல் இருக்கிறது மச்சான், அதுவும் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று வாய் திறந்தால் பின்வரிசைக்கும் கணீரென்று கேட்கும்.

அவர்களுக்குத் தோதாக ஒரே வீட்டுக்குள் நடக்கிற சின்ன நாடகம் ஒன்று எழுதி அனுப்புவாயா? நாலு பாத்திரம் போதும், அதில் ஒன்று அம்மம்மாவாக இருக்கட்டும், அந்தப் பிள்ளைக்குக் கொடுக்க.

அன்புடன்,
குமார்