காவிரிப் பக்கத்தை மீட்டுக் கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள நண்பர்களே,

காவிரி நீர்ப் பிரச்சினை பற்றி டெல்டாக்காரர்கள் நாம் சேர்ந்து இணையத்தில் எழுதிவரும் பக்கத்தின் பூட்டு திறந்தாயிற்று. இனி யார் வேண்டுமானாலும் அதில் கைவைக்கலாம். தேர்தல் நேரத்தில் அது பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். அதற்குப் பாடுபட்டவர்களுக்கு எல்லோர் முன்னாலும் நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

மாநிலங்களுக்கு இடையே காவிரி நீரைப் பங்கிட அமைத்த நடுவர் மன்றம் யாரால் வந்தது என்ற ஒரே வரியில்தான் சண்டை தொடங்கியது. ஒரு தரப்பு கருணாநிதி பெயரை எழுதும். மறு தரப்பு அதை அழித்துவிட்டு, இறுதித் தீர்ப்பை அரசிதழில் ஏற்றியவர் ஜெயலலிதா என்று எழுதும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. சென்னை மாகாணமும் மைசூரும் காவிரி நீர் பற்றிச் செய்துகொண்ட 1924 ஒப்பந்தமும், அது முடிந்ததா என்ற 1974-ம் ஆண்டுச் சர்ச்சையும் பேச்சில் வந்ததும் வார்த்தை தடித்துவிட்டது. மன்னார்குடிப் பக்கம் ஒரே வாய்க்காலில் பாய்ச்சும் இரண்டு பேர் முகம் பார்த்துப் பேசுவதையே நிறுத்திக்கொண்டார்கள்.

முதல் நன்றி, பக்கத்தைப் பூட்டிய கும்பகோணத்துத் தங்கைக்கு. பூட்டிய நேரத்தில் அங்கே இருந்தது அவருக்குப் பிடிக்காத வாசகம். அவர் எந்தக் கட்சிப் பக்கம் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். மாற்றிவிட்டுப் பூட்டியிருந்தால் யாரும் தடுத்திருக்க முடியாது. அவர் ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை. அவர் மீது இரு தரப்புக்கும் நம்பிக்கை வந்தது அப்போதுதான். அப்புறம் விக்கிப்பீடியாவில் உள்ள நெறிகளை நமக்கும் எடுத்துவைத்தார்: சான்று இல்லாத வரி நிற்காது, கருத்து என்றால் யார் கருத்து என்று சொல்லியாக வேண்டும், வாதமெல்லாம் முதலில் உரையாடல் பக்கத்தில்.

அடுத்து, திருவையாற்றில் இருக்கும் ஓய்வுபெற்ற பொதுப்பணித்துறைப் பொறியாளர் ஐயாவுக்கு. உத்தரவுகளின் நகல்களைத் தேடி எடுத்து, தேதி வாரியாக அடுக்கிக் கொடுத்தார். இரண்டு தரப்பும் விட்டுவிட்ட ஒரு பெயர் அதில் இருந்தது. டெல்டா விவசாயிகளின் சங்கம் 1983-இல் உச்ச நீதிமன்றத்தில் மனுப் போட்டிருக்கிறது. அந்த வழக்கில்தான் 1990 மே 4 அன்று, ஒரு மாதத்துக்குள் நடுவர் மன்றம் அமைக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவு வந்தது. ஜூன் 2-இல் வி.பி.சிங் அரசு அமைத்தது. தமிழகத்தில் அப்போது கருணாநிதி ஆட்சி. நடுவர் மன்றம் வேண்டும் என்று அந்த அரசும் வலியுறுத்தியது. இறுதித் தீர்ப்பு வந்தது 2007 பிப்ரவரி 5. ஜெயலலிதா அரசு உச்ச நீதிமன்றத்தில் போராட, நீதிமன்றம் கெடு விதிக்க, 2013 பிப்ரவரி 19-இல் அரசிதழில் வந்தது. இப்படி வரிசையாக எழுதியபோது யார் பெயரையும் அழிக்க வேண்டிய தேவையே இல்லாமல் போனது. நம் பாட்டன்மாரின் மனுவும் அதற்குரிய இடத்துக்கு வந்தது. அதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது, ஐயா.

1974 விவகாரமும் அதே வழியில்தான் தீர்ந்தது. ஐம்பது ஆண்டோடு ஒப்பந்தம் முடிந்தது என்பது கர்நாடகத்தின் வாதம். சில பிரிவுகளை மட்டும் மறுபரிசீலனை செய்யலாமே தவிர ஒப்பந்தம் முடியவில்லை என்பது நம் வாதம். முடிந்துவிட்டது என்றுதான் உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்பு சொன்னது. மூன்றும் பக்கத்தில் இருக்கின்றன. 'துரோகம்' என்ற சொல்லை இனி யாராவது எழுத வேண்டுமானால், யார், எங்கே, எப்போது சொன்னது என்று காட்ட வேண்டும்.

தமிழ் படிக்கத் தெரிந்த, கர்நாடகத்து மண்டியா நண்பருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். கர்நாடகம் நமக்கு ஆண்டுதோறும் விட வேண்டிய 192 டி.எம்.சி. (நூறு கோடி கன அடி ஒரு டி.எம்.சி.) அந்த 2018 தீர்ப்பில் 177.25 ஆகக் குறைந்ததை மட்டும் நம்மவர்கள் எழுதியிருந்தார்கள். குறைந்த 14.75 எந்தக் கணக்கில் போனது என்றும் எழுதச் சொன்னவர் அவர். பெங்களூரின் குடிநீருக்கு 4.75, டெல்டாவில் நிலத்தடி நீர் இருக்கிறது என்ற கணக்கில் 10. கடலோரத்தில் அந்தத் தண்ணீர் உப்பு என்ற நம் ஆட்சேபத்தையும் அதே பத்தியில் வைக்க அவரே இடம் காட்டினார். கர்நாடகத் தரப்புப் பத்தியை மண்டியா விவசாயி படித்தால் தன் வாதம்தான் என்று ஒத்துக்கொள்வார் என அவர் சொன்ன பிறகே அதை ஏற்றினோம். எதிர்த்தரப்பின் வாதத்தை எழுதும்போது இதைவிட நல்ல உரைகல் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

புதுச்சேரிக்கான 7 டி.எம்.சி.யை நாம் மறந்தே போனதை நினைவூட்டிய காரைக்கால் அக்காவுக்கும் நன்றி.

கடைசியாக, அந்த மன்னார்குடி அண்ணன்கள் இருவருக்கும். உரையாடல் பக்கத்தில் ஒருவரையொருவர் ஏசியிருந்ததை அவரவர் கையாலேயே நீக்கினீர்கள். இருவரும் கட்சி மாறவில்லை. மாறச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. உங்களுக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரியது.

நிலத்தடி நீர் பற்றிய பகுதி இன்னும் முடியவில்லை. நாகை, வேதாரண்யம் பக்கத்து நண்பர்கள் தங்களிடம் உள்ள ஆவணங்களை உரையாடல் பக்கத்தில் சேர்த்தால், குறுவைக்கு மேட்டூர் திறப்பதற்குள் எழுதி முடித்துவிடலாம்.

அன்புடன்,
தொகுப்புக் குழுவில் ஒருவன்,
திருவாரூர்