குன்னூர் வாடிக்கையாளர்களுக்கு: கீசர் ஸ்மார்ட் ஸ்விட்ச் பற்றி

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

உருகிப்போன ஸ்மார்ட் பிளக் படம் ஒன்று நம்ம ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். "போனில் கீசர் போடுவதே ஆபத்து, அதற்கு ஒரு பெட்டியை வேறு தலையில் கட்டுகிறார்கள்" என்ற வரியும் கூடவே வருகிறது. ஆபத்து பற்றிய கேள்வி நியாயமானது. கீசருக்கு ஸ்மார்ட் மாட்யூல் (போன் கட்டளையை வாங்கும் சின்ன ஸ்விட்ச்) கேட்பவர்களுக்கு, கான்டாக்டர் (பெரிய கரண்டைத் தாங்கும் ஸ்விட்ச்) வைத்த ஒரு பெட்டியையும் சேர்த்து மாட்டுகிறோம்; அந்தப் பெட்டி பற்றிய பேச்சுதான் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பித்தளைக் கால்கள் சாக்கெட்டுக்குள் போகிற இடம்தான் கருகியிருக்கிறது. உள்ளே கரண்டை ஆன், ஆஃப் செய்யும் ரிலே இருக்கும் பகுதி நிறம்கூட மாறவில்லை. சாக்கெட் தளர்ந்து போனால் இப்படித்தான் கருகும். 3000 வாட் கீசர் 230 வோல்ட்டில் 13 ஆம்ப்ஸ் இழுக்கும். தளர்ந்த இணைப்பில் 0.1 ஓம் தடை இருந்தாலே அந்த ஒரே புள்ளியில் 17 வாட் சூடு இறங்கும். சின்ன சால்டரிங் அயர்னை உள்ளே சொருகி வைத்த மாதிரிதான். அங்கே சாதாரண பிளக் இருந்தாலும் உருகியிருக்கும்.

இனி பெட்டி விஷயம். "மாட்யூலிலேயே 16 ஆம்ப்ஸ் என்று போட்டிருக்கிறதே, கான்டாக்டர் எதற்கு?" என்று பலர் கேட்கிறீர்கள். சுவர்ப் பெட்டிக்குள், ஸ்விட்ச் பிளேட்டுக்குப் பின்னால், காற்றோட்டமே இல்லாத இடத்தில் அந்த 16 ஆம்ப்ஸை நம்ப முடியாது. அரை மணி நேரம் தொடர்ந்து 13 ஆம்ப்ஸ் ஓடினால் சின்ன ரிலே சூடேறும். ஒவ்வொரு முறை ஆன், ஆஃப் ஆகும்போதும் பொறி பறந்து, ரிலேக்குள் தொட்டுப் பிரியும் இரண்டு உலோகப் புள்ளிகளிலும் குழி விழும். ஒருநாள் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அப்போது போனில் 'ஆஃப்' என்று காட்டும், கீசர் ஓடிக்கொண்டே இருக்கும். மிச்சம் இருக்கும் காவல் கீசருக்குள் இருக்கும் தெர்மோஸ்டாட்டும், சூடு மிஞ்சினால் நிறுத்தும் கட்-அவுட்டும்தான்.

அதனால்தான் 25 ஆம்ப்ஸ் இரண்டு போல் கான்டாக்டரும் 16 ஆம்ப்ஸ் எம்சிபியும் (கரண்ட் மிஞ்சினால் தானே இறங்கும் ஸ்விட்ச்) வைத்த பெட்டி. கீசர் லோடு மாட்யூல் வழியாகப் போகாது. கான்டாக்டரை இழுத்துப் பிடிக்கும் காயிலுக்குத் தேவையான சில வாட்டை மட்டும் மாட்யூல் கொடுக்கும். இரண்டு போல் என்பதால் ஆஃப் ஆகும்போது ஃபேஸ், நியூட்ரல் இரண்டு கம்பியும் துண்டிக்கப்படும். கான்டாக்டரும் ஒட்டக்கூடியதுதான், ஆனால் கையால் இறக்க எம்சிபி பக்கத்திலேயே இருக்கிறது. பில்லில் ஒவ்வொரு பொருளுக்கும் தனி விலை போட்டிருக்கிறோம். அதே ரேட்டிங்கில் வெளியே வாங்கி வந்தாலும் மறுக்காமல் மாட்டித் தருகிறோம். பெட்டியில் லாபம் பார்ப்பவர்கள் அப்படிச் செய்வார்களா?

செட்டிங்கில் இரண்டு விஷயம். கரண்ட் போய் வந்தால் 'ஆஃப்' நிலையிலேயே இருக்கும்படி வையுங்கள். ஆட்டோ-ஆஃப் நேரத்தை மாட்யூலே எண்ண வேண்டும். போன் ஷெட்யூலை மட்டும் நம்பினால், நெட் போனதும் ஆஃப் கட்டளை வந்து சேராது. 15 லிட்டர், 2000 வாட் கீசரில் 15 டிகிரி தண்ணீர் 60 டிகிரிக்கு வர 24 நிமிடம் ஆகும். மாலையில் வோல்டேஜ் 200க்கு இறங்கினால் அதே கீசர் 1500 வாட்தான் கொடுக்கும், அரை மணிக்கு மேல் பிடிக்கும். எனவே ஆட்டோ-ஆஃபுக்கு 40 நிமிடம் சரியாக இருக்கும். 195க்குக் கீழே போகிற வீடுகளில் காயில் சரியாகப் பிடிக்காமல் கான்டாக்டர் கடகடக்கும்; அங்கே வோல்டேஜைச் சரிசெய்த பிறகே மாட்டுவோம்.

ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களே, விருந்தினர் வருமுன் அறையைச் சூடாக்கக் கேட்கிறீர்கள். ஃபேன் ஹீட்டருக்கும் ராடு ஹீட்டருக்கும் நாங்கள் ரிமோட் வைப்பதில்லை. மேலே ஒரு போர்வை விழுந்து கிடந்தாலும் தூரத்தில் இருப்பவருக்குத் தெரியாது. டைமர், ரிமோட் வழியாகத் தானாக ஓட விடாதீர்கள் என்று பெரும்பாலான ஹீட்டர் கையேடுகளும் சொல்கின்றன. பக்கெட்டில் போடும் இம்மர்ஷன் ராடுக்கும் கூடவே கூடாது. மன்னிக்கவும், இதில் விட்டுக்கொடுக்க முடியாது.

படம் சுற்றிய பிறகும் நேரில் வந்து கேட்டுத் தெரிந்துகொண்டவர்களுக்கும், பக்கத்து வீட்டாரிடம் எங்களுக்காகப் பேசியவர்களுக்கும் மனமார்ந்த நன்றி. பழைய வாடிக்கையாளர்கள் வீட்டில் சாக்கெட் சோதனை இலவசம்.

நாங்கள் சோதிக்க வரும்வரை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். கீசர் 20 நிமிடம் ஓடியதும் எம்சிபியை இறக்கிவிட்டு பிளக்கைத் தொடுங்கள். வெதுவெதுப்பு இருந்தால் பரவாயில்லை. விரல் வைக்க முடியவில்லை, பிளாஸ்டிக் வாடை வருகிறது, அல்லது சாக்கெட் பழுப்பேறியிருக்கிறது என்றால் எம்சிபியை மறுபடி ஏற்றாமல் கடைக்குச் சொல்லி அனுப்புங்கள்.

நன்றியுடன்,
கடை உரிமையாளர்