சிமெண்ட் பெட்டி போதாது, பைப்பை மாற்றிக் கொடுங்கள்

எங்கள் கப்பலை நடத்தும் நிறுவனத்தின் தொழில்நுட்பப் பிரிவு மேலாளர்களுக்கு,

வணக்கம். இந்தக் குளிர்காலத்துக்கான வேலைப் பட்டியல் சென்ற வாரம் உங்களிடமிருந்து திரும்பி வந்தது. சீஃப் என்ஜினியர் எழுதி அனுப்பியதில் பாதிக்கு மேல் அடித்துவிட்டிருக்கிறீர்கள். சரக்கு அறைக்கு அடியில், சரக்கை வெளியேற்றும் கன்வேயர் பெல்ட் இருக்கும் டன்னலுக்குள் ஓடும் பேலஸ்ட் பைப்பை (வெறுங்கப்பல் நிலையாக நிற்க நிரப்பும் தண்ணீருக்கான குழாய்) மாற்றும் வேலையும் அதோடு போய்விட்டது. பக்கத்தில் ஒரு குறிப்பு: 'இப்போதுள்ள பழுதுபார்ப்பே போதும், அடுத்த ஆண்டு பார்க்கலாம்.' போன ஆண்டுப் பட்டியலிலும் இதையேதான் எழுதியிருந்தீர்கள்.

இதன் ஆங்கில வடிவம் உங்கள் மின்னஞ்சலில் இருக்கிறது. வட அமெரிக்கப் பேரேரிகளில் ஓடும் இந்தக் கப்பல்களில் வேலைக்கு வரும் நம்மவர்களுக்கும் விஷயம் தெரியட்டும் என்றுதான் தமிழிலும் எழுதுகிறேன்.

'இப்போதுள்ள பழுதுபார்ப்பு' என்று நீங்கள் சொல்வது சிமெண்ட் பெட்டியை. பைப்பில் ஓட்டை விழுந்தால் அதைச் சுற்றிப் பலகையால் பெட்டி அடித்து, சீக்கிரம் இறுகும் சிமெண்டை ஊற்றி அடைப்போம். அடுத்த துறைமுகம் போய்ச் சேரும் வரைக்குமான ஏற்பாடு அது. நம் டன்னலில் இருக்கும் பெட்டிகளுக்குப் பெயிண்ட்கூட அடித்தாகிவிட்டது. ஒன்றுக்கு, யாரும் முட்டிக்கொள்ளக் கூடாதென்று மஞ்சள் கறுப்புக் கோடு வேறு.

போன நவம்பரில் நடந்தது உங்கள் கோப்பில் நாலு வரியாக இருக்கும். சுப்பீரியர் ஏரியில் தாது ஏற்ற வெறுங்கப்பலாக மேலே போய்க்கொண்டிருந்தோம், பேலஸ்ட் டேங்குகள் நிறையத் தண்ணீர். கப்பல் ஆடிய ஆட்டத்தில் பைப் விட்டுக்கொடுத்தது. சிமெண்ட் அப்படியே நின்றது, பெட்டியை ஒட்டி இருந்த பைப்தான் பிளந்தது. வால்வை மூடினோம். வால்வும் பைப்பின் வயதுதான், முழுதாக உட்காரவில்லை. சரி, அடியில் தேங்கும் தண்ணீரை வெளியேற்ற பில்ஜ் பம்ப் இருக்கிறதே என்றால், முந்தைய பயணத்தில் பெல்டிலிருந்து சிந்திய டாக்கனைட் என்னும் இரும்புத்தாது உருண்டைகளும் கல்தூளும் சேர்ந்து உறிஞ்சு குழாயின் வாயை அடைத்துக்கொண்டன. தண்ணீர் ஏற ஏற, என்ஜின் அறை உதவியாளரான ஒரு ஆயிலரும் மேல்தள வேலையாளான இளம் டெக்ஹேண்ட் ஒருவரும் மாறி மாறி அந்தக் குளிர்ந்த நீரில் தோள்வரை கையை விட்டு உருண்டைகளை வாளியில் அள்ளினார்கள். ஓடும் கப்பலில், கன்வேயர் பெல்டுக்கு அடியில், நிமிர்ந்து நிற்க இடமில்லாத பள்ளம் அது. விரல்கள் மரத்துப்போய் அந்தப் பையனால் வாளியின் கைப்பிடியைப் பிடிக்க முடியவில்லை. பம்ப் மறுபடி இழுக்கத் தொடங்கியதும் நாங்கள் செய்தது, உங்களுக்குத் தெரிந்ததுதான், இன்னொரு சிமெண்ட் பெட்டி.

அந்தப் பைப்பை இந்தக் குளிர்காலத்தில் மாற்றிக் கொடுங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

'ஏரித் தண்ணீரில் உப்பில்லை, கப்பல் துருப்பிடிக்காது' என்று எப்போது கேட்டாலும் ஒரு பதில் வருகிறது. கப்பலின் வெளிப்பக்கத்துக்கு அது சரி. நான் கடல் கப்பல்களில் இருந்து வந்தவன். அங்கே இருபத்தைந்து முப்பது வருடம் ஓடிய கப்பல் குஜராத்தின் அலங் கரைக்கு உடைக்கப் போய்விடும். இங்கே ஐம்பதைத் தாண்டியும் ஓடுகின்றன என்றால் நன்னீர் செய்யும் உபகாரம்தான். ஆனால் ஹூரான் ஏரிக்கரையில் உள்ள காட்ரிச் (Goderich) ஊரின் சுரங்கத்திலிருந்து, பனி உருகச் சாலைக்குப் போடும் உப்பை ஏற்றுவது யார்? ஏரியில் இல்லாத உப்பை நாமே காசு வாங்கிக்கொண்டு உள்ளே கொட்டிக்கொள்கிறோம். அந்தத் தூள் ஈரத்தோடு சேர்ந்து டன்னலில் படிந்து, பைப்பை வெளியிலிருந்து தின்கிறது.

பழைய இரும்பு எப்போது கைவிடும் என்று யாராலும் சொல்ல முடியாது. 1952இல் கட்டிய மிச்சிபிகோட்டன் கப்பலின் அடிப்பகுதியில் 2024 ஜூன் 8 அன்று விரிசல் விட்டு, சுப்பீரியர் ஏரி நடுவில் தண்ணீர் புகுந்தது. மாலுமிகளில் பாதிப்பேரை இறக்கிவிட்டுத் தண்டர் பே துறைமுகம் போய்ச் சேர்ந்தது. 1958 நவம்பரில் மிச்சிகன் ஏரியில் முறிந்து மூழ்கிய கார்ல் டி. பிராட்லியில் இருந்த 35 பேரில் 33 பேர் இறந்தார்கள். அதன் சரக்கு அறையைப் புதுப்பிக்கும் வேலை அந்தக் குளிர்காலத்துக்குத்தான் வைக்கப்பட்டிருந்தது.

இன்னொன்று. சுப்பீரியர் ஏரிக்கும் ஹூரான் ஏரிக்கும் நடுவே கப்பல்களை ஏற்றி இறக்கும் சூ லாக்குகள் ஜனவரி 15 மூடி மார்ச் 25 திறக்கின்றன. பெரிய வேலை எதுவானாலும் கப்பல் ஓடாத அந்தப் பத்து வாரத்துக்குள்தான், அதுவும் எல்லாக் கம்பெனிக் கப்பல்களும் ஒரே நேரத்தில் வெல்டர்களைத் தேடும்போது. நீங்கள் டிசம்பரில் ஒப்புதல் கொடுத்தால் பைப் மார்ச்சில் வந்து இறங்கும். அப்போது 'நேரமில்லை' என்று இன்னொரு குறிப்பு வரும். கப்பலின் விலாவில் கம்பெனி பெயரைப் புதிதாக எழுத மட்டும் எந்த ஆண்டும் நேரமும் பெயிண்டும் குறைந்ததில்லை. வெளிநாட்டில் கட்டிய கப்பல்களுக்கான 25 சதவீத இறக்குமதி வரியைக் கனடா 2010இல் நீக்கிய பிறகு, சீனாவிலிருந்து எத்தனையோ புதுக் கப்பல்கள் இந்த ஏரிகளுக்கு வந்துவிட்டன. அவற்றின் படத்தை நாள்காட்டியில் போட்டு எங்கள் மெஸ்ஸிலும் மாட்டியிருக்கிறீர்கள். மிக்க நன்றி. அதற்கு நேர் கீழேதான் ஒழுகும் தண்ணீருக்கு வாளி வைத்திருக்கிறோம்.

சரி, கோபத்தில் நாள்காட்டி வரைக்கும் போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். புதுக் கப்பல் கேட்கவில்லை. அடித்த வரிகள் எல்லாவற்றையும் திருப்பித் தரவும் சொல்லவில்லை. சமையலறைத் தரையும் கேபின் ஹீட்டர்களும் இன்னொரு வருடம் தாங்கும். டன்னல் பேலஸ்ட் பைப், அதன் வால்வுகள், பில்ஜ் உறிஞ்சு குழாய்களுக்கு ஒழுங்கான வலைப்பெட்டி, இவற்றுக்கு மட்டும் இந்த மாதக் கடைசிக்குள் ஆர்டர் போடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை ஹாமில்டன் துறைமுகத்தில் கப்பலைக் கட்டி நிறுத்தும்போது உங்களில் ஒருவர் வந்து டன்னலுக்குள் ஒருமுறை நடந்து பார்த்தால் இன்னும் நல்லது. ரப்பர் பூட்ஸ் நாங்கள் தருகிறோம்.

இந்த ஆண்டும் முடியாது என்றால், காரணத்தை எழுதி, பெயர் போட்டுக் கையெழுத்திட்டு அனுப்புங்கள். அடுத்த ஆய்வுக்கு வரும் அதிகாரியிடம் சீஃப் என்ஜினியர் அதையே காட்டிக்கொள்வார்.

இப்படிக்கு,
உங்கள் கப்பலின் இரண்டாம் என்ஜினியர்