எத்தனை நாள் ஸ்டாக்?

அன்புள்ள குமார்,

கடிதம் கிடைத்தது. மகள் கல்லூரியில் சேர்ந்த செய்தி படித்து மகிழ்ந்தேன். இன்னொரு பெருந்தொற்று வந்தால் தாங்க எத்தனை நாள் ஸ்டாக் வேண்டும் என்று கேட்டிருந்தாய்.

எல்லோரும் சராசரி லீட் டைமை, அதாவது ஆர்டர் போட்டதிலிருந்து சரக்கு வரும் வரையான நாளைத்தான் பார்க்கிறார்கள். ஆளைக் கவிழ்ப்பது அது முன்பின் ஆவதுதான். ஒரு பாகம் நாளுக்கு 100 தேவை, அதன் திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு) 20 என்று வைத்துக்கொள். சரக்கு வர 30 நாள், அதில் விலக்கம் 2 நாள். சரக்கு தீர்ந்துபோகாது என்ற 95 சதவீத உறுதிக்கு, கூடுதலாக வைக்கும் பாதுகாப்பு ஸ்டாக் 376 போதும். லீட் டைம் 60 நாளாகி, விலக்கம் அதே 2 என்றால் 417தான். விலக்கம் 10 நாளானால் 1,670! 2020இல் நடந்தது இதுதான். விமானச் சரக்கில் ஏறக்குறைய பாதி, பயணிகள் விமானங்களின் அடித்தளத்தில் போய்க்கொண்டிருந்தது. அவை பறக்காமல் நின்றதும் எந்தச் சரக்கு எப்போது வரும் என்றே யாராலும் சொல்ல முடியவில்லை.

ஆனால் ஸ்டாக் நாள் வாங்கித் தரும், அவ்வளவே. இரண்டாவது சப்ளையர் இருக்கிறார் என்கிறாயே, அவர் மூலப்பொருளை எங்கே வாங்குகிறார் என்று கேட்டாயா? என்95 முகக்கவசம் செய்ய எந்திரமும் ஆளும் இருந்த இடங்களில்கூட, வடிகட்டும் நடு அடுக்கான மெல்ட்ப்ளோன் துணி இல்லாமல் வேலை நின்றது. இருவரும் ஒரே ஆலையில் வாங்கினால் உனக்கு இருப்பது ஒரே சப்ளையர்தான். ஆலை, மூலப்பொருள், துறைமுகம் மூன்றையும் எழுதி வாங்கு. புதிய சப்ளையரைச் சேர்ப்பது மாதிரி, சோதனைத் தொகுதி, ஒப்புதல் என்று மாதக்கணக்கில் இழுக்கும் என்பதால் இப்போதே தொடங்கு. சாதாரணக் காலத்திலேயே ஆர்டரில் கால் பங்காவது அவருக்குக் கொடு. இல்லையேல் நெருக்கடியில் வரிசையின் கடைசியில் நிற்பாய்.

தேவை குறைந்தால் உடனே ஆர்டரை ரத்து செய்துவிடாதே. 2020 தொடக்கத்தில் கார் நிறுவனங்கள் சிப் ஆர்டர்களை வெட்டின. ஆலைகள் அந்த இடத்தை மடிக்கணினிக்கும் போனுக்கும் கொடுத்துவிட்டன. ஆண்டுக் கடைசியில் கார் விற்பனை திரும்பியபோது சிப் இல்லை. 2011 ஜப்பான் நிலநடுக்கத்துக்குப் பிறகு சப்ளையர்களிடம் 2 முதல் 6 மாத சிப் இருப்பு வைக்கச் சொன்ன டொயோட்டா, 2021 தொடக்கத்தில் மற்றவர்களைவிட நன்றாகத் தாக்குப்பிடித்தது. அந்த ஆண்டின் பிற்பாதியில் அதுவும் உற்பத்தியைக் குறைக்க வேண்டியதாயிற்று. பயத்தில் இரட்டிப்பாக ஆர்டர் போடுவதும் கெடுதல்தான். அந்தப் பொய்த் தேவையை நம்பி உன் சப்ளையர்களும் தங்களுக்குச் சரக்கு தருபவர்களிடம் கூட்டிக் கேட்பார்கள், பிறகு குடோன் நிறைந்து பணம் முடங்கும்.

கடந்த ஓராண்டில் ஒவ்வொரு பாகத்துக்கும் ஆர்டர் போட்ட தேதி, சரக்கு வந்த தேதி இரண்டையும் அனுப்பு. விலக்கத்தைக் கணக்கிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
சேகர்