என் வலியை நம்பியவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

நாள்பட்ட கணைய அழற்சியோடு, அதாவது செரிமானச் சாறு சுரக்கிற கணையம் வீங்கிக் கெட்டுப்போகிற நோயோடு, வாழ்கிறவள் நான். வலி போய்விட்டது என்று எழுத ஆசைதான், போகவில்லை. ஆனாலும் வகுப்புக்குப் போகிறேன், ராத்திரி தூங்குகிறேன். அதற்குக் காரணமானவர்களுக்கு இந்த மடல்.

முதல் நன்றி, "குடிப்பழக்கம் உண்டா?" என்று ஒரே தடவை கேட்டு, இல்லை என்றதும் நம்பிய வயிற்று டாக்டருக்கு. கணையம் கெட்டால் சாராயம்தான் காரணம் என்று சொந்தபந்தம் முடிவுகட்டியிருந்தது. (என் வீட்டுக்காரரையும் சேர்த்தே சந்தேகப்பட்டார்கள், பாவம்.) குடியே அறியாதவர்களுக்கும் சின்ன வயதிலேயே கணையக் குழாயில் கல் கட்டுவது தென்னிந்தியாவில் வெகுகாலமாக இருப்பதுதான் என்று படம் வரைந்து விளக்கினார். வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்துக் கல்லை நொறுக்கினார். எண்டோஸ்கோப்பி வழியாகத் துகளை எடுத்து, குழாய் அடைபடாமலிருக்க ஸ்டென்ட் என்ற சின்னக் குழலை வைத்தார். "கல் போனாலும் வலி முழுசாப் போகும்னு சொல்ல மாட்டேன்மா. நரம்பே வலிக்குப் பழகியிருக்கும்" என்று முன்கூட்டியே சொன்னாரே, அதற்குத் தனி நன்றி.

அப்படி மிச்சமிருந்த வலியை வலி கிளினிக் பார்த்துக்கொண்டது. டிராமடால் என்ற வலி மாத்திரையோடு, நரம்பு வலிக்கான பிரீகாபலினைச் சேர்த்து, அளவை மெதுவாக ஏற்றினார்கள். எப்போது வலித்தது, பத்துக்கு எத்தனை, அதற்கு முன் என்ன சாப்பிட்டேன் என்று நோட்டுப் போடச் சொன்னார் அங்கிருந்த நர்ஸ் அக்கா. வேறோர் இடத்தில், நடு ராத்திரியில், "ஊசிக்காக நடிக்குது" என்று என் காதுபடவே பேசினார்கள். அதைக் கேட்டுவிட்டு வந்த எனக்கு, நான் எட்டு என்றால் எட்டு என்றே எழுதிக்கொண்ட அக்காவை எப்படி மறக்க முடியும்?

உணவு ஆலோசகருக்கும் நன்றி. எண்ணெயே ஆகாது என்று என்னைக் காயப்போடவில்லை. கணையம் சுரக்காத செரிமானப் பொருளுக்கு ஈடான என்சைம் கேப்ஸ்யூலை முதல் கவளத்தோடு ஒன்று, நடுவில் ஒன்று என்று விழுங்கப் பழக்கினார். எண்ணெய்ப் படலமாக மலம் போவது நின்றது, எடையும் ஏறியது. இப்போது கல்யாணப் பந்தியில் இலையோரம் கேப்ஸ்யூலை வைத்துக்கொண்டு கூச்சமில்லாமல் உட்காருகிறேன்.

முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தணியும். அதைக் கவனித்து, கேட்காமலே ஓய்வறையில் மேசையும் தலையணையும் போட்டுக்கொடுத்த தலைமையாசிரியை அம்மாவுக்கும் நன்றி.

மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரித்துச் சலிக்காமல் சமைத்துப்போடுகிற என் அத்தைக்கு நேரில் நன்றி சொன்னால் திட்டுதான் விழும். அதனால் இங்கே எழுதிவிட்டேன்; யாரும் அவரிடம் காட்டிவிடாதீர்கள்.

அன்புடன்,
ஒரு கணக்கு டீச்சர்