மூன்று நாள் சத்தமில்லாத மாணவரை யார் தேடுவது? துணைவேந்தர்களுக்கும் கல்லூரி முதல்வர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய துணைவேந்தர்களுக்கும், துணைவேந்தர் இல்லாத பல்கலைக்கழகங்களைப் பொறுப்பேற்று நடத்திவரும் குழுவினருக்கும், கல்லூரி முதல்வர்களுக்கும்,

வணக்கம். காவிரி டெல்டாவில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் பொருளியல் சொல்லித்தருகிற கௌரவ விரிவுரையாளர் நான். இந்த மடலை எழுத வைத்தது ஒரு பெயர்ப்பலகை. சமீபத்தில் வேலையாக ஒரு கல்லூரிக்குப் போயிருந்தேன். முதல்வர் அறையை ஒட்டி ‘உளவியல் ஆலோசனை மையம்’ என்று புதுப் பலகை மாட்டியிருந்தார்கள். கதவில் பூட்டு. ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஒரு மேசை, எதிரெதிரே இரண்டு நாற்காலி, நாற்காலியின் மேல் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. சாவி யாரிடம் என்று கேட்டேன். ஆபீசில் இருக்கிறது, யாராவது கேட்டால் திறந்துவிடுவோம் என்றார் அங்கிருந்த உதவியாளர்.

பலகை ஏன் வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பில், நூறு மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள ஒவ்வொரு கல்வி நிறுவனமும் பயிற்சி பெற்ற ஓர் ஆலோசகரையோ உளவியலாளரையோ சமூகப் பணியாளரையோ நியமிக்க வேண்டும் என்றது. ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு முறையாவது பயிற்சி வேண்டும், உதவி எண்களை விடுதியிலும் வகுப்பிலும் தெரியும்படி எழுதிவைக்க வேண்டும் என்றும் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் அந்தப் பூட்டைப் பார்த்ததும் எனக்கு 2020 ஞாபகம் வந்துவிட்டது. அந்த ஆண்டும் நாம் ஓர் உத்தரவைக் கையில் வைத்திருந்தோம். ஊரடங்கு தொடங்கி இரண்டு வாரம்கூட ஆகாத ஏப்ரல் முதல் வாரத்திலேயே, மாணவர் மனநலத்துக்கு உதவி எண் தொடங்குங்கள், விடுதிக் காப்பாளரும் மூத்த ஆசிரியர்களும் மாணவர்களோடு பேசிக்கொண்டிருங்கள் என்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் கடிதம் எழுதியது. ஜூலையில் மத்திய அரசின் மாணவர் மனநலத் திட்டமான ‘மனோதர்பண்’ வந்தது, செப்டம்பரில் ‘கிரண்’ உதவி எண் வந்தது. எண்களுக்குப் பஞ்சமே இல்லை. எங்கள் துறை வாட்ஸ்அப் குழுவிலும் அவற்றை ஃபார்வர்டு செய்தோம். மாணவர்கள் கும்பிடும் கைப் படத்தைப் பதிலுக்குப் போட்டார்கள். அதோடு சரி.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். அந்தக் காலத்தில் கஷ்டத்தில் இருந்த பிள்ளைகள் யாரையும் கூப்பிடவில்லை. யாராவது தங்களைக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தார்கள். நீங்கள் இப்போது கட்டப்போகிற ஏற்பாடு மாணவர் தேடி வருவதற்காகவா, மாணவரைத் தேடிப் போவதற்காகவா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

2020 மார்ச் 16 அன்று விடுமுறை அறிவித்தபோது, மார்ச் 31 வரைதான் என்றார்கள். பதினைந்து நாள் லீவு என்று விடுதிப் பிள்ளைகள் ஒரு பையோடு கிளம்பினார்கள். புத்தகம், பெட்டி எல்லாம் அறையிலேயே. சில கல்லூரி விடுதிகள் அப்புறம் கொரோனா தனிமை முகாம்களாக மாறின. என் வகுப்பு அப்போது முதலாண்டு. அவர்கள் திரும்பக் கல்லூரிக்குள் நுழைந்தது 2021 பிப்ரவரி 8 அன்று. ஏறக்குறைய பதினொரு மாதம். அதுவும் மார்ச் முடிவதற்குள் மறுபடி மூடியாகிவிட்டது. மறுபடி திறந்தது செப்டம்பர் 1. பதினெட்டு, பத்தொன்பது வயதில் ஒன்றரை ஆண்டு என்பது சின்ன விஷயமல்ல.

2020 ஜூன் மாதம் ஒரு நாள், கூகுள் மீட்டில் 64 பேரில் 19 பேர் மட்டும் இருந்ததைப் பார்த்து, வருகைப் பதிவேட்டை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் போன் செய்ய ஆரம்பித்தேன். முதலில் அதட்டத்தான் செய்தேன். “ஏன்ப்பா கிளாஸுக்கு வரல?” என்று. நாலைந்து போன் பேசியதும் அந்தக் கேள்வியை விட்டுவிட்டேன்.

ஒரு மாணவனுக்குக் காலை பதினொரு மணிக்குப் போன் செய்தால் அம்மாதான் எடுப்பார். “தூங்குறான் மேடம், விடிய விடிய முழிச்சிருக்கான், இப்பதான் படுத்தான்” என்று அழாத குறையாகச் சொல்வார். ராத்திரி முழுக்க போனில் ஃப்ரீ ஃபயர் விளையாட்டு. நானும் அவனைத் திட்டினேன். பிறகொரு நாள் அவனே சொன்னான்: “மேம், எங்க வீடு ஒரு ரூம்தான். அப்பாவுக்கு வேலை இல்ல, நாள் முழுக்கச் சண்டை. ராத்திரிதான் மேம் யாரும் பேச மாட்டாங்க.” அந்த வீட்டில் அவனுக்குத் தனியாக இருக்கக் கிடைத்த ஒரே நேரம் அது. நாம் அதைக் கெட்ட பழக்கம் என்று எழுதிக்கொண்டோம். தூக்கம் கெட்டதால் அவன் உடம்பு கெட்டது உண்மை. பிற்பாடு பகலில் கண் விழிக்கவே அவன் எவ்வளவு பாடுபட்டான் என்று பார்த்தேன். ஆனால் அந்தப் பழக்கம் எதற்குப் பதிலாக வந்தது என்று கேட்காமல் அதைப் பிடுங்கப் பார்ப்பதில் பயனில்லை. ஒன்றரை ஆண்டில் ரீல்ஸ், ஆன்லைன் ரம்மி, சிகரெட் என்று வந்த எல்லாவற்றுக்கும் பின்னால் இப்படி ஏதோ ஒன்று இருந்தது. ரம்மி பல வீடுகளில் கடனில் போய் நின்றது. அதைத் தடுக்க அரசு 2020 நவம்பரில் அவசரச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது.

தாங்கிப் பிடித்த பழக்கங்களும் இருந்தன. அவற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அந்த ஆண்டு ஜூன் 12 அன்று, எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு குறித்த நாளில் மேட்டூர் அணை திறந்தது. எங்கள் பக்கம் குறுவை நடவு மும்முரம். என் மாணவிகளில் ஏழெட்டுப் பேர் அம்மாவோடு நடவுக்குப் போனார்கள். வறுமைதான், அதை நான் அழகுபடுத்தவில்லை. ஆனால் அவர்களில் ஒரு பெண், “வயல்ல இறங்கிட்டா தலைவலி இல்ல மேம். கூட நாலு பேர் பேசிக்கிட்டே நடுறாங்க. வீட்டுக்குள்ள வந்தாத்தான் என்னமோ பண்ணுது” என்றாள். உடம்புக்கு வேலை, பக்கத்தில் ஆட்கள், சாயங்காலம் ஆனால் முடிந்துவிடும் என்ற ஒரு நேரக்கணக்கு. மூடிய வீட்டுக்குள் இருந்த பிள்ளைகளுக்கு இந்த மூன்றுமே போய்விட்டிருந்தன. மாலையில் மொட்டை மாடியில் நடந்தவர்கள், தங்கைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர்கள், நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கப் போனவர்கள் எல்லாம் ஓரளவு சமாளித்தார்கள். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு செய்திச் சேனலில் அன்றைய எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்தான் நொறுங்கிப் போனார்கள்.

பெண் பிள்ளைகளின் கதை தனி. போன் எடுத்தால் பின்னால் கிரைண்டர் ஓடும், இல்லாவிட்டால் குழந்தை அழும். வகுப்பு நடக்கும்போதே சமையல், துணி, தண்ணீர். வீட்டில் ஒரு ஸ்மார்ட்போன் இருந்தால் அது தம்பிக்கு. இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் என் வகுப்பில் மூன்று பேருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. பத்திரிகையை வாட்ஸ்அப்பில்தான் பார்த்தேன். 2021 ஜனவரியில் ஏறத்தாழ 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு நாளுக்கு 2 ஜிபி டேட்டாவை அரசு இலவசமாகக் கொடுத்தது. அது பெரிய உதவி. ஆனால் அந்த சிம்மைப் போடத் தனியாக ஒரு போன் வேண்டுமே. அதையும் மீறி, எங்கே உட்கார்ந்து பேசுவது? ஒரு மாணவி, “நல்லாத்தான் இருக்கேன் மேம்” என்று சொல்லிவிட்டு, போனை வைக்கவும் இல்லை, பேசவும் இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. பக்கத்தில் ஆள் இருக்கிறது என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அதன்பின் அவளோடு மெசேஜில்தான் பேசினேன், ராத்திரி பத்து மணிக்கு மேல்.

தேர்வு விஷயத்தில் நாம் அவர்களைப் படுத்திய பாட்டையும் சொல்ல வேண்டும். 2020 ஜூலையில் இறுதியாண்டு தவிர மற்ற ஆண்டுகளுக்குப் பருவத்தேர்வு ரத்து. ஆகஸ்ட் 26 அன்று, கட்டணம் கட்டிய அரியருக்கெல்லாம் பாஸ் என்று அறிவிப்பு. இரண்டு நாள் கழித்து, இறுதியாண்டுத் தேர்வை நடத்தாமல் பட்டம் தர முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அரியர் பாஸ் செல்லாது என்று ஒரு பக்கம், செல்லும் என்று ஒரு பக்கம், வழக்கு மாதக்கணக்கில் இழுத்தது. எது சரி என்று இங்கே நான் வாதாட வரவில்லை. தேர்வு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் இருப்பதுதான் பிள்ளைகளை அரித்தது. “எதுவானாலும் சீக்கிரம் சொல்லிடுங்க மேம்” என்பதுதான் அந்த ஆண்டு நான் அதிகம் கேட்ட வாக்கியம். ஒரு தெளிவான சுற்றறிக்கை, சொன்ன தேதியில் வந்திருந்தால், அதுவே பாதி மருந்தாக இருந்திருக்கும்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு உங்கள் மேசைக்கும் வந்திருக்கும். பள்ளி, கல்லூரி எல்லாம் சேர்த்து, இந்தியாவில் உயிரை மாய்த்துக்கொண்ட மாணவர்கள் 2019-ல் 10,335. 2020-ல் 12,526. 2021-ல் 13,089. வகுப்பறைகள் பெரும்பாலும் பூட்டிக் கிடந்த ஆண்டுகளில் ஏறிய எண்ணிக்கை இது.

என் வகுப்பில் யாரும் அப்படிப் போகவில்லை. ஆனால் ஒருவனை இழந்தோம். கடைசி பெஞ்ச், அதிகம் பேச மாட்டான். ஆன்லைன் வகுப்புக்கு ஒரு நாள்கூட வரவில்லை. நான் வைத்திருந்த எண் சுவிட்ச்டு ஆஃப். இரண்டு முறை முயன்றேன், அப்புறம் பதிவேட்டில் ‘ஏ’ போட்டுக்கொண்டே போனேன். மூன்று மாதம் வரிசையாக ‘ஏ’. சிங்கப்பூரில் வேலை பார்த்த அவன் அப்பா வேலை போய்த் திரும்பியிருந்தார், வீட்டில் வட்டிக்காரர்கள் வந்து நின்றுகொண்டிருந்தார்கள் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். 2022-ல் பேருந்து நிலையத்தில் அவன் அம்மாவைப் பார்த்தேன். பையன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான் என்றார். கோபமே இல்லாமல் ஒன்று சொன்னார்: “காலேஜ்லேருந்து கேப்பாங்கன்னு புது நம்பரை ஃப்ரெண்டுகிட்ட குடுத்து விட்டான் மேடம். ஒரு வாரம் போனைச் சார்ஜ்லயே போட்டு வெச்சிருந்தான்.” அந்த எண் என்னிடம் வந்து சேரவில்லை. வகுப்பில் அவன் நண்பன் யார் என்றுகூட நான் விசாரித்திருக்கவில்லை.

எல்லாம் பழங்கதை என்று நினைத்துவிடாதீர்கள். 2025-26 கல்வியாண்டில் உங்கள் முதலாண்டு வகுப்புகளுக்கு வந்தவர்கள் 2020-21-ல் எட்டாம் வகுப்பு. ஒரு நாள்கூடப் பள்ளிக்குள் உட்காராமலேயே அந்த வகுப்பைத் தாண்டியவர்கள். நண்பனோடு சண்டை போட்டுச் சமாதானம் ஆகிற வயதை வீட்டுக்குள் கழித்தவர்கள். இவர்கள் பேச மாட்டேன் என்கிறார்கள், எப்போதும் போனையே பார்க்கிறார்கள் என்று ஆசிரியர் அறையில் அலுத்துக்கொள்கிறோமே, அந்தப் பழக்கத்தை ஒன்றரை ஆண்டு அவர்கள் கையில் கொடுத்ததே நாம்தான்.

ஆகவே கேட்கிறேன். ஆலோசகரை நியமியுங்கள், நிரந்தரமாக, உருப்படியான சம்பளத்தோடு. தமிழ்த்துறை ஆசிரியரிடமோ என்எஸ்எஸ் அலுவலரிடமோ ‘கூடுதல் பொறுப்பு’ என்று தள்ளிவிடாதீர்கள். ஆலோசகரின் அறை முதல்வர் அறைப் பக்கம் வேண்டாம். நூலகத்துக்குப் பின்னாலோ மைதானத்துப் பக்கமோ, யார் போகிறார் வருகிறார் என்று எவரும் கவனிக்காத இடத்தில் இருக்கட்டும். சொன்னது வீட்டுக்குப் போகாது என்ற நம்பிக்கை மாணவிகளுக்கு முக்கியம். உயிருக்கு ஆபத்து என்றாலொழியப் பெற்றோருக்குச் சொல்வதில்லை என்று எழுதியே ஒட்டுங்கள். 14416 (மத்திய அரசின் மனநல உதவி எண்), 104 (தமிழக அரசின் சுகாதார உதவி எண்) என்ற எண்களையும் ஒட்டுங்கள். இரவில் விடுதியில் தனியாக இருக்கிற ஒருவருக்கு அவை தேவைப்படும்.

இதைவிட முக்கியமானது வகுப்பு ஆசிரியரின் நேரம். ஒவ்வொரு கல்லூரியிலும் ஆசிரியருக்கு இத்தனை மாணவர் என்று பிரித்து ஒரு வழிகாட்டிப் பதிவேடு இருக்கிறது. கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வருவதற்கு முந்தைய வாரம் அது எப்படி நிரப்பப்படுகிறது என்று என்னைப் போலவே உங்களுக்கும் தெரியும். அந்த வேலையைக் கால அட்டவணையில் ஒரு பாடவேளையாகப் போடுங்கள், வாரம் ஒன்று. பாதிக் கல்லூரிகளை நடத்துகிற கௌரவ விரிவுரையாளர்களுக்கும் அந்த ஒரு மணி நேரத்தை வேலையாகக் கணக்கில் எடுங்கள். ஒரு மாணவர் தொடர்ந்து மூன்று நாள் வரவில்லை என்றால் அன்று மாலைக்குள் ஒருவர் அவரைக் கூப்பிட வேண்டும், எண் கிடைக்காவிட்டால் நண்பரிடம் கேட்க வேண்டும், அதுவும் முடியாவிட்டால் வீடு வரை போக வேண்டும். அந்த ஒருவர் யார் என்று பெயர் எழுதுங்கள். எப்படிப் பேசுவது, எப்போது ஆலோசகரிடம் அனுப்புவது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். அன்று அந்த மாணவி பேசாமல் போனைப் பிடித்துக்கொண்டிருந்தபோது என்ன செய்வதென்று எனக்கு யாரும் கற்றுத்தந்திருக்கவில்லை.

அடுத்த பருவம் தொடங்குவதற்குள் இதையெல்லாம் சொல்லும் ஒரு சுற்றறிக்கை வரும் என்று எதிர்பார்க்கிறேன். வருகைப் பதிவேட்டில் பெயருக்குப் பக்கத்தில் மாணவரின் எண்ணுக்கு ஒரு கட்டமும், நண்பர் ஒருவரின் எண்ணுக்கு இன்னொரு கட்டமும் இப்போதே வரைந்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பொருளியல் துறைக் கௌரவ விரிவுரையாளர் ஒருவர்