நம் பத்தாயத்துச் சாரை

கொழிஞ்சாம்பாறை,
புரட்டாசி 4

அன்புள்ள நடராஜா,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. அங்கே அமெரிக்காவில் நீ வளர்க்கிற கார்ன் ஸ்நேக், விஷமில்லாத அந்தப் பாம்பு, இட்ட பதினாறு முட்டையில் பதினான்கு பொரிந்துவிட்டதா! முட்டைத் தோலைக் கீறி மூக்கு நுனியை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு ஒரு குட்டி பார்க்கிறதே, அந்தப் படத்தை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "கண்ணு கடுகு மாதிரி இருக்குடா" என்றார். பாம்பு என்ற பேச்சை எடுத்தாலே எழுந்து போகிறவர் அவர்.

பெண் பாம்புக்கு மூன்று வயது முடிந்து முந்நூறு கிராம் தாண்டும்வரை ஆணோடு சேர்க்காமல் வைத்திருந்தாய் பார், அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. சின்ன உடம்பில் முட்டை அடைத்துக்கொண்டால் தாயே போய்விடும் என்று தெரிந்தும் அவசரப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். குளிர்காலத்தில் வயிற்றைக் காலியாக்கி, இரண்டு மாதம் பன்னிரண்டு பதின்மூன்று டிகிரியில் இருட்டில் தூங்கவைத்து, அப்புறம் மெல்ல மெல்லச் சூடேற்றி எழுப்பியதை நீ எழுதியிருந்த விதத்தில், தொட்டில் ஆட்டுகிறவன் கை தெரிந்தது.

ஆனால் உன் போன கடிதத்தில் இருந்த ஒரு வரிதான் இங்கே உயிர் காத்தது. முட்டை இட்டபடியே மேல்பக்கம் பென்சிலால் புள்ளி வைத்து, அந்தப் புள்ளி புரளாமல் எடுத்து வைத்தேன் என்று எழுதியிருந்தாய் அல்லவா? அடைகோழி முட்டையைப் புரட்டிக்கொண்டே இருக்கும், பாம்பு முட்டையைப் புரட்டினால் உள்ளே ஒட்டியிருக்கும் கரு செத்துப்போகும் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

ஆனி கடைசியில் களத்துமேட்டில் பழைய வைக்கோல் போரின் அடியை முருகன் பிரித்துக்கொண்டிருந்தான். ஏழடிச் சாரை ஒன்று அவன் காலுக்குப் பக்கத்தில் ஓடி வேலிக்குள் மறைந்ததாம். போய்ப் பார்த்தால் மக்கிய வைக்கோலுக்குள் ஒன்பது முட்டை, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. கோழி முட்டையைவிட நீளம். ஓடு இல்லை, வெறும் தோல். ஒரு விரலால் தொட்டேன். கன்றுக்குட்டியின் காது மாதிரி மெத்தென்று, வெதுவெதுப்பாக இருந்தது. முருகன் மண்வெட்டியை எடுத்துவிட்டான். இந்தப் பக்கத்தில் சொல்வது உனக்கு நினைவிருக்குமே: "மஞ்ஞச் சேர மலர்ந்து கடிச்சால் மலநாட்டில் மருந்தில்ல." மஞ்சள் சாரை மல்லாந்து கடித்தால் மருந்தே கிடையாதாம். விஷமே இல்லாத பாம்புக்கு இப்படி ஒரு பேர். அதை நம்பி எத்தனை சாரையை அடித்துக் கொன்றிருக்கிறார்கள்! தோப்பில் எலி துளைத்த குரும்பைகளை அள்ளிக் காட்டி, இதைத் தடுக்கிறவளின் பிள்ளைகள்டா இவை என்று சொன்னபிறகுதான் மண்வெட்டியைக் கீழே வைத்தான்.

கேரள வனத்துறையின் சர்ப்பா செயலியில் பாம்பு மீட்பவர்களின் எண்ணைப் பார்த்துக் கூப்பிட்டேன். பயிற்சி பெற்ற தன்னார்வலர் ஒருவர் நம் பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து வந்தார். எடுத்துப்போவார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. இருந்த இடத்திலேயே, அதே வைக்கோலை அதே கனத்தில் மூடச் சொன்னார். இரண்டு முட்டை மட்டும் உருண்டு போயிருந்தன. எது மேல்பக்கம் என்று தெரியாமல், கிடந்த வாக்கிலேயே தள்ளி வைத்தேன். உன் பென்சில் புள்ளி அப்போது நினைவுக்கு வந்து வயிற்றைப் பிசைந்தது.

நாற்பத்திரண்டு நாள். மழைக்கு மேலே ஒரு தார்ப்பாய், வெயில் அடித்தால் அதை விலக்குவது, கீரி வராமல் சுற்றிலும் முள். உன்னிடம் இருபத்தெட்டு டிகிரியில் நிற்கும் பெட்டி இருக்கிறது. எனக்கு மக்குகிற வைக்கோலின் சூடுதான். ஆவணியில் ஒரு காலை, போரின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒன்றேகால் அடி நீளக் குட்டி ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்தது. முகத்துக்குப் பொருந்தாத பெரிய கண், கழுத்துப் பக்கம் வெளிறிய பட்டைகள். மதியத்துக்குள் ஏழும் வரப்பில் இறங்கிவிட்டன. உருண்ட இரண்டும் பொரியவில்லை.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். "நம் சாரையை நீ அங்கே வளர்த்துப் பெருக்கலாமே" என்று கேட்டிருக்கிறாய். மாட்டேன், நடராஜா. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். பைக்கும் செருப்புக்கும் இந்தத் தோலை உரித்து ஏற்றுமதி செய்துகொண்டிருந்தார்கள்; 1976இல்தான் அந்த ஏற்றுமதிக்குத் தடை வந்தது. நீயே எழுதினாய், ஜார்ஜியா மாநிலத்தில் கார்ன் ஸ்நேக்கை வீட்டில் வைக்கக் கூடாது, அது அந்த மண்ணின் பாம்பு என்பதால் என்று. ஓஹையோவில் உன் வீட்டில் இருப்பவை தலைமுறை தலைமுறையாகப் பெட்டியிலேயே பிறந்தவை. இரவில் வெளியே வந்து, உறையவைத்திருந்து உருக்கிக் கொடுக்கும் எலியைச் சுற்றி இறுக்கி விழுங்கிவிட்டு ஒளியிடத்துக்குள் போய்ச் சுருண்டுகொள்ளும். சாரை பகலில் ஓடுகிற பாம்பு. இரையைச் சுற்றி இறுக்கத் தெரியாது. தரையோடு அமுக்கி உயிரோடு விழுங்கும். அதற்கு ஒரு தோப்பே வேண்டும்.

சட்டம் இல்லாவிட்டாலும் மாட்டேன். நம் பத்தாயத்தை நீ மறந்திருக்க முடியாது. ஏழாம் வகுப்பு கோடை விடுமுறை. நெல் காலியான பத்தாயத்தில் அந்தச் சாரையைப் போட்டு மேலே கம்பிவலை கட்டினோம். தவளை போட்டோம், தொடவில்லை. ராத்திரி முழுக்க வலையில் மூக்கை இடித்துக்கொண்டே இருக்கும் சத்தம். நான் தாழ்வாரத்தில் படுத்துக் கேட்டுக்கொண்டிருப்பேன். பழகிவிடும் என்று நீ சொன்னாய், நானும் நம்பினேன். ஒன்பதாம் நாள் திறந்தபோது மூக்கு நுனியில் செதிலே இல்லை, சதை தெரிந்தது. வரப்பில் விட்டோம். ஓடவில்லை, மெல்ல நகர்ந்து போனது. நீ அழுதாய், நான் அழாமல் உன்னைத் திட்டினேன். அந்தத் திட்டுக்கு இத்தனை வருஷம் கழித்து மன்னிப்புக் கேட்கிறேன். வலையைக் கட்டியது நானும்தான்.

சரி, உன் குட்டிகள் விஷயம். முதல் சட்டை உரித்த பிறகும் இரண்டு குட்டிகள் எலிக்குஞ்சைத் தொடவில்லை என்றாயே, என்ன ஆயிற்று? தினமும் காட்டித் தொந்தரவு செய்யாமல் ஐந்தாறு நாள் விட்டுப் பார்க்கிறாயா? நாலு முறையாவது தானாகத் தின்ற குட்டியைத்தான் யாருக்கும் கொடுப்பேன் என்றாய். பணம் கையில் வைத்துக்கொண்டு யார் வந்து நின்றாலும் அதில் தளராதே. சிறுவர்கள் கேட்டு வந்தால் அவர்கள் அப்பா அம்மாவிடமும் பேசு. இருபது வருஷம்கூட உயிரோடிருக்கிற ஜீவன் அது. கல்லூரிக்குப் போகும் பையன் அதை எங்கே விட்டுப் போவான்?

பத்தாயம் இன்னும் தாழ்வாரத்தில்தான் இருக்கிறது. கரையான் ஒரு காலைத் தின்றுவிட்டது, செங்கல் வைத்திருக்கிறேன். தை மாதம் நீ வரும்போது புதுப் போர் போட்டிருப்போம். அதன் அடியைப் பிரிக்க வேண்டாம் என்று முருகனிடம் இப்போதே சொல்லிவிட்டேன்.

அந்த இரண்டு குட்டியும் தின்றால் உடனே எழுது. அம்மா தினமும் கேட்கிறார்.

அன்புடன்,
வேலு